நிதி எழுத்தறிவு ஆய்வுகளின் போக்கையும் செல்வாக்கையும் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நூறு டாலரை ஆண்டுக்கு 2 சதவீத வட்டிக்குப் போட்டு ஐந்து வருடம் தொடாமல் விட்டால், கணக்கில் 102 டாலருக்கு மேல் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா? பொருளியலாளர்கள் அன்னமாரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் சேர்ந்து எழுதி, அமெரிக்காவின் உடல்நலம் மற்றும் ஓய்வுக்கால ஆய்வில் 2004-இல் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளில் இது முதலாவது. இரண்டாவது பணவீக்கம் பற்றியது, மூன்றாவது முதலீட்டைப் பரவலாக்குவது பற்றியது. 'பெரிய மூன்று' என்ற பெயரில் இவை பிறகு பல நாட்டுக் கணக்கெடுப்புகளுக்குள் போயின. நிதி எழுத்தறிவு, அதாவது பண விஷயங்களில் மக்களுக்கு இருக்கும் அறிவு, என்ற ஆய்வுத் துறை வளர்ந்ததில் இந்த மூன்று கேள்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஒருவர் இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கோ ஆய்வுக்கட்டுரைக்கோ இறங்கினால், ஆய்வு நெறியாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ஒரு பிப்ளியோமெட்ரிக் அனாலிசிஸ் பண்ணிட்டு வா." அதாவது நூலளவியல்: எந்த ஆண்டு எத்தனை கட்டுரை, யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள், எந்தத் தலைப்பு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது. இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன, நாலு பொத்தானை அழுத்தினால் வண்ண வண்ணமாக வரைபடம் வந்துவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வரைபடம் எப்படி வரும் என்பதைத் தேடல் வரியும் தரவைச் சுத்தம் செய்யும் விதமும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வரைபடத்துக்கு முந்தைய வேலைகளைப் பற்றியே இருக்கும்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

'நிதி எழுத்தறிவு ஆய்வின் போக்கு' என்பது கேள்வி ஆகாது. 'டிஜிட்டல் நிதி எழுத்தறிவு தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டதா, இல்லை பழைய கிளையின் புதுப் பெயரா?' என்பது கேள்வி. 'பொருளியல் இதழ்களும் நுகர்வோர் ஆய்வு இதழ்களும் ஒன்றையொன்று படிக்கின்றனவா?' என்பதும் கேள்விதான். எதை எண்ண வேண்டும், எந்த வரைபடம் வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

அப்புறம், ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கீர்த்தி கோயலும் சதீஷ் குமாரும் 2021-இல் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ஸ்டடீஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு 2000 முதல் 2019 வரையிலான 502 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. அதே தேடலை இரண்டு வருடம் நீட்டி மறுபடி செய்தால் யாருக்கும் பயனில்லை.

தரவுத்தளம்

கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் திரட்டி வைத்திருக்கும் தளங்கள் இவை: ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ், ஓப்பன்அலெக்ஸ், டைமென்ஷன்ஸ், கூகுள் ஸ்காலர். வெப் ஆஃப் சயன்ஸ் கறாராகத் தேர்ந்தெடுத்த இதழ்களையே சேர்க்கும், மேற்கோள் பட்டியலும் ஓரளவு சுத்தமாக இருக்கும். ஸ்கோப்பஸ் இன்னும் அகலம். ஓப்பன்அலெக்ஸ் 2022-இல் வந்தது, தரவு இலவசம், ஆனால் சுத்தம் செய்யும் வேலை கூடும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, பணித்தாள் (இதழில் அச்சாகுமுன் சுற்றுக்கு விடும் வரைவு), மாநாட்டு உரை என்று எல்லாவற்றையும் எண்ணும். அங்கே மேற்கோள் எண்ணிக்கை எப்போதும் பெரிதாகத் தெரிவது அதனால்தான். மொத்தமாகத் தரவிறக்க முறையான வழி இல்லாததால், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தளங்களைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா? சேர்க்கலாம். ஆனால் ஒரே கட்டுரைக்கு இரண்டு தளமும் இரண்டு மேற்கோள் எண்ணிக்கை தரும், மேற்கோள் பட்டியலின் வடிவமும் வேறு. முதன்முறை செய்பவர் ஒரே தளத்தோடு நிற்பது நல்லது.

தேடல் வரி: இங்கேதான் முக்கால்வாசி தவறு

நிதி எழுத்தறிவுக்கு ஆங்கிலத்தில் 'ஃபைனான்ஷியல் லிட்ரசி' என்று மட்டும் தேடினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. சாண்ட்ரா ஹஸ்டன் 2010-இல் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ்' இதழில் 71 ஆய்வுகளை அலசியபோது, பெரும்பாலானவை அந்தச் சொல்லுக்கு வரையறையே தரவில்லை என்று கண்டார். லிட்ரசி (எழுத்தறிவு), நாலெட்ஜ் (அறிவு), எஜுகேஷன் (கல்வி) ஆகியவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவும் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் துறையின் ஒரு பெரிய துண்டு விட்டுப்போகும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா? லிட்ரசி, எஜுகேஷன், நாலெட்ஜ், கேபபிலிட்டி, எகனாமிக் லிட்ரசி, டெட் லிட்ரசி என்று எல்லாவற்றையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்தால் குப்பையும் சேர்ந்து வரும். 'ஃபைனான்ஷியல் நாலெட்ஜ்' என்று போட்டால் தகவல்களைக் கணினிக்காக வலைப்பின்னலாக அடுக்கும் 'நாலெட்ஜ் கிராஃப்' பற்றிய செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைகள் வரும். 'ஃபைனான்ஷியல் கேபபிலிட்டி' என்று போட்டால் நினைவாற்றல் குறைந்த முதியவர்கள் சொந்தப் பணத்தைக் கையாள முடியுமா என்று மதிப்பிடும் மருத்துவக் கட்டுரைகள் வரும். இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை விதிகளின்படி நிறுவனங்களின் தணிக்கைக் குழு உறுப்பினர்கள் நிதி அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அங்கும் அதே 'ஃபைனான்ஷியல் லிட்ரசி' என்ற சொல்தான். கணக்கியல் இதழ்களில் இதற்கென்று தனி இலக்கியமே இருக்கிறது. வீட்டுச் செலவு, கடன், ஓய்வூதியம் பற்றிய நம் துறைக்கும் அதற்கும் சொல்லைத் தவிர வேறு தொடர்பு குறைவு. வடிகட்டாமல் விட்டால் வரைபடத்தில் ஓர் அழகான தனிக் கொத்தாக (தொடர்புள்ள கட்டுரைகளின் கூட்டமாக) வந்து நிற்கும், நீங்களும் 'நிறுவன ஆளுகை: வளரும் கிளை' என்று பெயர் சூட்டிவிடுவீர்கள்.

தேடல் வரி நல்லதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. துறையில் கட்டாயம் இருக்க வேண்டிய 20 கட்டுரைகளைத் தேடுவதற்கு முன்பே கையால் எழுதி வையுங்கள். தேடல் அவற்றில் 17-ஐப் பிடித்தால் பிடிப்பு 85 சதவீதம். விட்டுப்போன மூன்றைத் திறந்து, தலைப்பிலும் சுருக்கத்திலும் அவர்கள் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஃபைனான்ஷியலி லிட்ரேட்' என்ற வடிவம் விட்டுப்போயிருக்கும், அல்லது 'ஃபைனான்ஷியல் சோஃபிஸ்டிகேஷன்' என்று எழுதியிருப்பார்கள். அடுத்து, வந்த முடிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் 100 எடுத்து சுருக்கத்தைப் படியுங்கள். 70 பொருத்தமானவை என்றால் துல்லியம் 70 சதவீதம். இரண்டு எண்ணையும் கட்டுரையில் எழுதுங்கள். பலர் எழுதுவதில்லை, ஆனால் படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது இந்த இரண்டு எண்ணால்தான்.

பொருளியல் பக்கம் மட்டும் போதும் என்றால் இன்னொரு கைப்பிடியும் உண்டு. பொருளியல் கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் ஜேஇஎல் வகைப்பாட்டில் ஜி53 என்ற குறியீடு நிதி எழுத்தறிவுக்கே உரியது. ஆனால் கல்வியியல், உளவியல், சந்தையியல் இதழ்கள் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவதில்லை. எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எவற்றை ஏன் நீக்கினீர்கள் என்பதைப் பிரிஸ்மா வரைபடத்தில் (கட்டுரைகளை வடிகட்டிய படிகளைக் காட்டும் பாய்வுப்படம்) காட்டிவிடுங்கள். அதில் விளக்க ஒன்றுமில்லை.

சுத்தம் செய்தல்

யாரும் விரும்பாத வேலை. நானும் முதல் முறை இதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஆசிரியர் பட்டியலில் ஒரு 'குமார் எஸ்' மலைபோல் கட்டுரைகள் எழுதியிருப்பதாக வந்தது. அட, இவரைப் பற்றி இதுவரை கேள்விப்படவே இல்லையே என்று வியந்து ஒரு பத்தி எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அது பல ஊர்களில், பல துறைகளில் இருக்கும் பல குமார்கள். சீனப் பெயர்களில் இது இன்னும் மோசம். ஸ்கோப்பஸின் ஆசிரியர் அடையாள எண்ணையோ, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள ஆர்கிட் எண்ணையோ வைத்துப் பிரியுங்கள், எழுத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்.

மேற்கோள் பட்டியலில் இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். ஒரு கட்டுரையே பல உருவில் இருக்கும். லுசார்டி, மிட்செல் இருவரும் எழுதிய 'நிதி எழுத்தறிவின் பொருளாதார முக்கியத்துவம்' என்ற நீண்ட ஆய்வு 2013-இல் என்பிஇஆர் என்ற அமெரிக்கப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தின் பணித்தாளாக வந்தது. 2014-இல் 'ஜர்னல் ஆஃப் எகனாமிக் லிட்ரேச்சர்' 52-ஆம் தொகுதியில் 5-ஆம் பக்கத்தில் தொடங்கி அச்சானது. சிலர் பணித்தாளை மேற்கோள் காட்டுவார்கள், சிலர் இதழை, சிலர் ஆண்டை மாற்றி எழுதுவார்கள். மென்பொருளுக்கு இவையெல்லாம் வேறு வேறு கட்டுரைகள். இவற்றை ஒன்றாக்க வேண்டும்.

ஒன்றாக்கும்போது அவசரப்பட்டால் இன்னொரு பள்ளம். அதே இருவர், 2011-இல், 'ஜர்னல் ஆஃப் பென்ஷன் எகனாமிக்ஸ் அண்ட் ஃபைனான்ஸ்' 10-ஆம் தொகுதியின் ஒரே இதழில் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒன்று 497-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, உலக நாடுகளைப் பற்றிய பொதுப் பார்வை. இன்னொன்று 509-ஆம் பக்கம், அமெரிக்காவில் ஓய்வுக்காலத் திட்டமிடல். ஆசிரியர், ஆண்டு, இதழ் மூன்றும் ஒத்தால் ஒன்றாக்கு என்று கட்டளை கொடுத்தீர்களானால், துறையின் இரண்டு முக்கியக் கட்டுரைகள் ஒன்றாகிவிடும். பக்க எண் அல்லது டிஓஐ (கட்டுரைக்கே உரிய நிலையான இணைய அடையாளக் குறி) வரை பார்த்துத்தான் இணைக்க வேண்டும். அதிகம் மேற்கோள் பெற்ற முதல் 100 வரிகளையாவது கையால் சரிபாருங்கள். ஒரு மாலை வேலைதான்.

திறவுச்சொற்களுக்கு ஓர் ஒத்தசொல் கோப்பு தேவை. விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் இது இரண்டு நெடுவரிசை கொண்ட சாதாரண உரைக்கோப்பு: இடப்பக்கம் இருக்கும் சொல், வலப்பக்கம் மாற்ற வேண்டிய சொல். ஒருமை பன்மை, பிரிட்டிஷ் அமெரிக்க எழுத்துக்கூட்டல் இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்கலாம். ஆனால் லிட்ரசியையும் எஜுகேஷனையும் ஒன்றாக்காதீர்கள். ஒன்று மனிதருக்கு இருக்கும் அறிவு, மற்றது அதைக் கொடுக்க எடுக்கும் முயற்சி. இந்தத் துறையின் பெரிய சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெப் ஆஃப் சயன்ஸ் தரவு என்றால் ஆசிரியர் கொடுத்த சொற்களையும் 'கீவேர்ட்ஸ் பிளஸ்' சொற்களையும் தனித்தனியாக வையுங்கள். பின்னது, மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் தலைப்பிலிருந்து கணினி உருவாக்குவது. 'பிஹேவியர்', 'இம்பாக்ட்' போன்ற பொதுச் சொற்களே அதில் மேலே வரும்.

போக்கை அளத்தல்

ஆண்டுவாரியாகக் கட்டுரை எண்ணிக்கையைப் போட்டு, கோடு மேலே ஏறுகிறது, எனவே துறை வளர்கிறது என்று எழுதுவது எல்லோரும் செய்வது. எந்தத் துறைக்குத்தான் கோடு ஏறவில்லை? தரவுத்தளமே வீங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 2004-இல் 20 கட்டுரை, 2024-இல் 320. பதினாறு மடங்கு, அதாவது நான்கு முறை இரட்டிப்பு. இருபது வருடத்தில் நான்கு இரட்டிப்பு என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்று, ஆண்டு வளர்ச்சி ஏறக்குறைய 15 சதவீதம். பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று அறிய 72-ஐ வட்டி வீதத்தால் வகுக்கும் பழைய கணக்கும் (72-ஐ 15-ஆல் வகுத்தால் 4.8) இங்கே சரியாகப் பொருந்துகிறது, பாருங்கள். இதே காலத்தில் தரவுத்தளம் மொத்தமாக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்திருந்தால் அது 2.65 மடங்கு ஆகியிருக்கும். பதினாறை 2.65-ஆல் வகுத்தால் ஆறு. ஆக, துறையின் உண்மையான பங்கு உயர்ந்தது ஆறு மடங்குதான். பதினாறு என்று எழுதுவதற்கும் ஆறு என்று எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நடப்பு ஆண்டை வரைபடத்தில் சேர்க்காதீர்கள். தளத்தில் ஏற்றுவது தாமதமாகும், கோடு கடைசியில் தொப்பென்று விழும், துறை சாகிறது என்று யாராவது படித்துவிடுவார்கள். அடுத்து, 2015-இல் வெப் ஆஃப் சயன்ஸ் 'எமர்ஜிங் சோர்சஸ்' என்ற புதிய இதழ்ப் பட்டியலைச் சேர்த்தது. அந்த ஆண்டை ஒட்டித் திடீர் ஏற்றம் தெரிந்தால், கட்டுரைகள் கூடினவா, எண்ணும் இதழ்கள் கூடினவா என்று பிரித்துப் பாருங்கள்.

தலைப்புகள் எப்போது எழுந்தன என்று பார்க்க, திறவுச்சொற்களின் சராசரி வெளியீட்டு ஆண்டு போதும். விஓஎஸ்வியூவரின் 'ஓவர்லே' காட்சி இதைத்தான் வண்ணமாகக் காட்டுகிறது. ஒரு சொல் குறுகிய காலத்தில் திடீரென்று வெடித்து எழுந்ததா என்று அறிய க்ளைன்பெர்க்கின் 2002 அல்காரிதம் இருக்கிறது, சைட்ஸ்பேஸ் என்ற மென்பொருளில் கிடைக்கும்.

செல்வாக்கை அளத்தல்

மொத்த மேற்கோள் எண்ணிக்கை பழைய கட்டுரைகளுக்குச் சாதகம். 2010-இல் வந்த ஒன்று 300 மேற்கோள் பெற்றிருக்கிறது, 2020-இல் வந்த ஒன்று 120 என்று வையுங்கள். எது செல்வாக்கு மிக்கது? அதே ஆண்டில் வந்த மற்றக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். 2010-இன் சராசரி 60 என்றால் முதலாவது ஐந்து மடங்கு. 2020-இன் சராசரி 15 என்றால் இரண்டாவது எட்டு மடங்கு. இப்போது வரிசை மாறிவிட்டது. ஆண்டோடு துறையையும் பார்த்துச் சமன்செய்தால் இன்னும் நல்லது. பொருளியலில் ஒரு கட்டுரை பணித்தாளாகவே பல வருடம் சுற்றிவிட்டுத்தான் இதழில் வரும், நுகர்வோர் ஆய்வு இதழ்கள் அதைவிட வேகம்.

ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்ன ஹெச்-இண்டெக்ஸை (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற பத்து கட்டுரை இருந்தால் பத்து என்ற மாதிரியான அளவு) ஆசிரியர் பட்டியலில் போடலாம், தவறில்லை. ஆனால் அதை வைத்து ஆளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். நாலு பேர் எழுதிய கட்டுரைக்கு நாலு பேருக்கும் முழு ஒன்று கொடுப்பதா, கால் கால் கொடுப்பதா என்பதையும் முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கான பிப்ளியோமெட்ரிக்ஸ் தொகுப்பு, 2017-இல் மாசிமோ அரியாவும் கொராடோ குக்குருல்லோவும் வெளியிட்டது, உள்மேற்கோள், வெளிமேற்கோள் என்று பிரித்துக் காட்டும். உள்மேற்கோள் என்பது நீங்கள் சேகரித்த கட்டுரைகளுக்குள்ளேயே கிடைத்த மேற்கோள். இந்தத் துறையில் ஒருவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுதான் நெருங்கிய அளவு. வெளியில் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கிய கட்டுரைக்கு உள்ளே பத்துகூட இல்லாமல் போகலாம்.

வரைபடங்கள்

மூன்று வகை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். இரண்டு பழைய கட்டுரைகளை ஒரு புதிய கட்டுரை சேர்த்து மேற்கோள் காட்டினால் அது இணை மேற்கோள், ஹென்றி ஸ்மால் 1973-இல் சொன்னது. துறையின் அடித்தளம் எது என்று தெரிய இது. இரண்டு புதிய கட்டுரைகள் ஒரே பழைய நூல்களைப் பகிர்ந்தால் அது நூற்பட்டியல் பிணைப்பு, கெஸ்லர் 1963-இல் சொன்னது. இன்று யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று பார்க்க இது. திறவுச்சொற்கள் சேர்ந்து வருவதைப் பார்ப்பது மூன்றாவது. இணை மேற்கோள் வரைபடத்தை வைத்துக்கொண்டு 'தற்போதைய போக்கு' என்று எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு முன்னால் ஓட்டுவது போல.

குறைந்தபட்ச எண்ணிக்கையை மாற்றினால் படமே மாறும். ஒரு சொல் ஐந்து முறை வர வேண்டும் என்று வைத்து ஒருமுறை, பத்து என்று வைத்து ஒருமுறை வரையுங்கள். இரண்டிலும் நிலைக்கிற கொத்துகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

இணை மேற்கோள் படத்தில் ஃபோர்னெல், லார்க்கர் இருவரின் 1981 கட்டுரையோ, ஐசன் 1991-இல் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடோ பெரிய வட்டமாக வந்து நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். முன்னது புள்ளியியல் முறை, பின்னது பொது உளவியல். இரண்டுக்கும் நிதி எழுத்தறிவோடு நேரடித் தொடர்பு இல்லை. கேள்வித்தாள் வைத்து ஆராய்பவர்கள் வழக்கமாகக் கைகாட்டும் இடங்கள், அவ்வளவுதான்.

கொத்துக்குப் பெயர் வைக்குமுன் படியுங்கள்

லிட்ரசியையும் எஜுகேஷனையும் பிரித்து வைக்கச் சொன்னேன் அல்லவா, காரணம் இதோ. டேனியல் ஃபெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மேயர் மூவரும் 2014-இல் 'மேனேஜ்மென்ட் சயன்ஸ்' இதழில் 168 கட்டுரைகளில் இருந்த 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிதிக் கல்வி தருவது, மக்களின் நிதி நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்றார்கள். நிதி எழுத்தறிவு முக்கியம் என்று வாதிட்ட லுசார்டி, மிட்செலின் பெரிய ஆய்வும் அதே ஆண்டுதான் அச்சானது. பிறகு டிம் கைசர், லுசார்டி, லூகாஸ் மென்கோஃப், கார்லி அர்பன் நால்வரும் 2022-இல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ்' இதழில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 76 சோதனைகளைத் தொகுத்து, கல்வி அறிவையும் நடத்தையையும் மேம்படுத்துகிறது என்று காட்டினார்கள்.

மேற்கோள் வரைபடத்துக்கு இந்தச் சண்டை தெரியாது. கைசர் குழு ஃபெர்னாண்டஸ் குழுவை மேற்கோள் காட்டுவது மறுக்கத்தான், ஆனால் கணக்கில் அது ஒரு மேற்கோள். அடுத்து எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுவதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வட்டமாக, ஒரே நிறத்தில், ஒரே கொத்தில் நிற்கும். பார்ப்பவர் இருவரும் ஒரே கருத்துடையவர்கள் என்றே நினைப்பார். எனவே ஒவ்வொரு கொத்திலும் முதல் பத்து கட்டுரையையாவது முழுதாகப் படித்து, எது எதை ஆதரிக்கிறது, எது எதை மறுக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். மேற்கோள் காட்டும் வாக்கியங்களில் ஐம்பதை எடுத்து ஆதரவு, மறுப்பு, சும்மா குறிப்பு என்று பிரித்தாலே நிலைமை தெரிந்துவிடும். முழு ஆய்விலும் இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்பது என் எண்ணம்.

மேற்கோளுக்கு வெளியே

தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கு வாருங்கள். ஒரு நாட்டின் மத்திய வங்கி தன் கணக்கெடுப்பில் அந்தக் கேள்விகளைச் சேர்த்தால், அது பெரிய செல்வாக்கு. ஸ்கோப்பஸில் அதற்கு மதிப்பு பூஜ்யம். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வில் 2012 முதல் நிதி எழுத்தறிவு சேர்க்கப்பட்டது, முதல் சுற்றில் 18 நாடுகள் பங்கேற்றன. இதுவும் மேற்கோள் எண்ணிக்கையில் நேரடியாக வராது. ஓவர்டன் என்ற தளம் கொள்கை ஆவணங்களில் எந்தக் கட்டுரை மேற்கோள் பெற்றது என்று தேடித்தரும். அத்துடன் உங்கள் தரவில் ஆராய்ச்சியாளர்கள் எந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து நிரப்புங்கள்: பெரிய மூன்றா, பீசாவை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் கேள்வித்தாளா, சொந்தமாக எழுதியதா, 'எனக்கு நிதி விஷயம் தெரியும்' என்று தானே மதிப்பிட்டுக்கொண்டதா. யாருடைய கேள்விகள் துறையை ஆள்கின்றன என்று அந்த நெடுவரிசை காட்டிவிடும்.

எழுதும்போது

தேடல் வரியை ஓர் எழுத்து விடாமல், தேடிய தேதியோடு போடுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், குறைந்தபட்ச எண்ணிக்கை, எண்ணும் முறை, ஒத்தசொல் கோப்பு ஆகியவற்றைப் பின்னிணைப்பில் சேருங்கள். வரைபடங்கள் மூன்று போதும். பதினைந்து வண்ணப்படங்களுடன் வரும் கட்டுரையில், மதிப்பாய்வாளர் முதலில் திருப்புவது பின்னிணைப்பைத்தான். அங்கே அந்தத் தேடல் வரியை அவர் தன் கணினியில் ஒட்டிப் பார்ப்பார். வரும் எண்ணிக்கை உங்களுடையதோடு ஏறக்குறைய ஒத்துப்போகவில்லை என்றால், படங்களை அவர் பார்க்கவே மாட்டார்.